தாய்மாமன் மூடிய இலை

போன வாரம் கண்ணகியைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், ஒரு கால் வெள்ளிமலை பஸ்ஸின் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நிறுத்திவிட்டுப் போனோம். பாவம், ஒரு வாரமாக அப்படியே நிற்கிறாள். கண்டக்டரும் ஒரு வாரமாக, ஏறும்மா இல்லன்னா எறங்கும்மா என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலில் அவளை ஏற்றிவிடுவோம்.

ஏறினாள். ஏறிய வேகத்திலேயே இறங்கப் பார்த்தாள். பின்னால் எழில்மதி படியை அடைத்துக்கொண்டு நின்றதால் அது நடக்கவில்லை. கண்ணகியை ஜன்னலோரம் தள்ளி, வெளிப்பக்கம் தான் உட்கார்ந்து, காலடியில் பையையும் வைத்து வழியை மறித்தாள் எழில்மதி. கைதியை ஜெயில் மாற்றும்போதுகூட இவ்வளவு ஏற்பாடு இருக்காது.

கள்ளக்குறிச்சியில் வேலை வாங்குவதற்குக் கோச்சிங் சென்டர் தெருவுக்கு ஒன்று உண்டு. கிடைத்த வேலையில் ஆளை நிற்கவைப்பதற்குக் கோச்சிங் கொடுப்பவள் ஊருக்கே எழில்மதி ஒருத்திதான். அவளுக்கு சென்டர் கிடையாது. மாற்றுத்திறனாளி ஒருவர் எங்கே வேலை பார்க்கிறாரோ அங்கேயே போய், பக்கத்தில் நின்று, அந்த வேலையைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுப்பாள். ஒரு துண்டு பழகியதும் ஓரடி பின்னால் நகர்வாள். இன்னொன்று பழகியதும் இன்னும் ஓரடி. கடைசியில் ஒரு நாள் ஆளையே காணோம் என்றால், அவள் வேலை முடிந்தது என்று அர்த்தம். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆளைக் காணோம் என்கிற வேலைகள் நம் நாட்டில் நிறைய உண்டு. அதையே ஒழுங்காகச் செய்கிறவள் இவள்.

இந்த முறை அவள் நறுக்கிக் கொடுத்தது கண்ணகியின் மகன் அஜித்துக்கு.

அஜித் பிறந்தபோது மூச்சு கொஞ்சம் தாமதமாக வந்தது. அதிலிருந்து எல்லாமே அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். வந்தது போகாது. அரசாங்க அட்டையில் அறிவுசார் மாற்றுத்திறனாளி என்று போட்டிருக்கிறது. கருணாபுரத்தில் அவன் தெருவில் வேறு பேர் வைத்திருந்தார்கள். வெங்கடேசன் கேட்டரிங்கின் சிவப்பு பனியனைப் போட்டுக்கொண்டு அவன் வேலைக்கு நடக்க ஆரம்பித்த பிறகு அந்தப் பேர் கொஞ்சம் கம்மியாகியிருக்கிறது.

அவனுக்கு வந்தது ரசவாளி. பாயசத்துக்கும் வடைக்கும் பரிமாறுகிற பையன்கள் அடித்துக்கொள்வார்கள். ரசத்தை எவனும் தொடமாட்டான். இலையில் ஓடும், மடியில் இறங்கும், பட்டுப்புடவையில் பட்டால் பட்டவள் ஏழு தலைமுறைக்குத் திட்டுவாள். எப்போதும் ஆள் தேவைப்படும் இடம் அது ஒன்றுதான் என்று பார்த்துத்தான் எழில்மதி அதைப் பிடித்தாள். வாளிப் பிடியில் பச்சை ரிப்பன் கட்டினாள். சோற்றில் குழி இருக்கிறதா பார், வேணுமாங்க என்று கேள், பதில் வரும்வரை நில், அப்புறம் ஊற்று. மூடாத இலையைத் தாண்டாதே. மூடிய இலைக்குப் போகாதே. அவ்வளவுதான் பாடம். அஜித் அதைக் கரைத்துக் குடித்துவிட்டான்.

குடிக்காதவள் கண்ணகி.

அவள் அதே வெங்கடேசனிடம் பாத்திரம் கழுவுகிறவள். பந்தி ஆரம்பித்ததும் கழுவுகிற அண்டாவைப் போட்டுவிட்டு, ஈரக்கையோடு மகன் பின்னால் போய் நின்றுகொள்வாள். அங்க ஊத்துடா, பாத்துடா, கொஞ்சமா ஊத்துடா. போன முகூர்த்தத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு தாசில்தார் வேண்டாம் என்று சொன்னதும், பின்னால் அம்மா ஊத்துடா என்று சொன்னதும் ஒரே நேரத்தில் விழ, அஜித் அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளையாக நடந்துகொண்டான். தாசில்தாரின் வேட்டி மிளகு ரச நிறத்துக்கு மாறியது.

வெங்கடேசன் கத்தவில்லை. அவர் கத்தாத நாள்தான் ஆபத்து. "ஒரு வாளிக்கு ரெண்டு ஆளு எனக்குக் கட்டுப்படியாவாது. வர முகூர்த்தத்துல அவன் தனியா ஊத்தட்டும். ஊத்துனா இருக்கட்டும். இல்ல, வாளிய வெச்சிட்டுப் போவட்டும்" என்றார்.

அந்த முகூர்த்தம் இன்றைக்கு.

அதனால்தான் எழில்மதி கண்ணகியைத் தன் ஊரான வெள்ளிமலைக்குக் கூட்டிப்போகிறாள். வெல்லம் பூசிய காரணம் எதையும் அவள் சொல்லவில்லை. "கருணாபுரத்துல உங்கள உட்டா நடந்தே மண்டபத்துக்கு வந்துடுவீங்கக்கா. மலைன்னா பஸ்ஸுக்குக் காத்துக்கினு கெடக்கணும். நானும் போவல, நீங்களும் போவல. சரிக்குச் சரி" என்றாள்.

கச்சிராயபாளையம் தாண்டும்வரை கண்ணகி ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. முந்தானைக்குள் போனை வைத்துக்கொண்டு, குஞ்சை அணைத்த கோழிபோல உட்கார்ந்திருந்தாள். எழில்மதிதான் பேச்சுக் கொடுத்தாள். அவன் செய்துவிடுவான் என்றாள். செய்யமாட்டான் என்று நான் சொல்லவில்லையே என்றாள் கண்ணகி. பிறகு என்ன பயம் என்று கேட்டதற்கு, வெளியே கரும்புக்காட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"நான் இல்லாதப்பதான் எதுவும் நடக்கும் எழிலு. அவுங்கப்பா குடிச்ச அன்னிக்கி நான் சின்னசேலத்துல ஒரு கல்யாணத்துல அண்டா கழுவிக்கினு இருந்தேன். நாலு தெரு ஆம்பளைங்க ஆஸ்பத்திரில கெடக்குறாங்க, நான் சோத்துப் பருக்கய சுரண்டிக்கினு இருக்கேன். வந்து பாக்கறப்ப கண்ணு தெரியலன்னாரு. அதுக்கப்பறம் ஒண்ணும் சொல்லல."

விஷச்சாராயம் ஓடிய அந்த ஜூன் மாதத்தைப் பற்றிக் கருணாபுரத்தில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. சின்னராசு என்ற புருஷன் பேரையும் கண்ணகி அதிகம் சொல்வதில்லை. எழில்மதி காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வழி திறந்துதான் இருந்தது. கண்ணகி எழுந்திருக்கவில்லை.

கோமுகி அணையில் பஸ் நின்றபோது முந்தானைக்குள் போன் அடித்தது.

கண்ணகி எடுக்கத் தயங்கினாள். எழில்மதி எட்டிப் பார்த்தாள். திரையில் சந்தியா.

சந்தியா கண்ணகியின் மகள், அஜித்தின் தங்கை, கல்லூரியில் இரண்டாம் வருடம். இன்று காலேஜ் லீவு, வீட்டில் படித்துக்கொண்டிருப்பாள் என்று கண்ணகி காலையில் சொல்லியிருந்தாள். கண்ணகி போனை எடுத்ததும் பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது. வீட்டில் நாதஸ்வரம் வைத்துப் படிக்கிற பழக்கம் கருணாபுரத்தில் இன்னும் வரவில்லை.

"அக்கா, சந்தியா எங்க இருக்குது?" என்று கேட்டாள் எழில்மதி.

கண்ணகி உண்மையைச் சொன்னாள். சொல்லாவிட்டாலும் நாதஸ்வரம் சொல்லிவிட்டிருக்கும். தன் ஒரே பட்டுப்புடவையை மகளுக்குக் கட்டிவிட்டு, அழைக்காத அந்தக் கல்யாணத்துக்கே விருந்தாளியாக அனுப்பிவைத்திருந்தாள். பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண் வீடு. முதல் பந்தியில் உட்கார்ந்து அண்ணனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். உளவுத்துறையில் இதற்கு மேல் திட்டம் போட்டதில்லை.

சந்தியா குசுகுசுவென்று பேசினாள். பந்தி போட்டாயிற்றாம். சாம்பார் வாளியோடு ஜெயப்பிரகாஷ் முன்னால் போகிறானாம், அஜித் அவனுக்குப் பின்னால் ஒழுங்காக வருகிறானாம். எதிரே வந்து நின்று, சொந்தத் தங்கையிடம், ரசம் வேணுமாங்க என்று கேட்டானாம். டேய் என்றாளாம். வேலை நேரம் என்றானாம்.

கண்ணகிக்குச் சிரிப்பு வந்தது. எழில்மதிக்கும் வந்தது, ஆனால் அவள் கோபமாக இருக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தாள். பஸ் மலை ஏற ஆரம்பித்தது. முதல் கொண்டை ஊசி வளைவில் ஒரு ஜீப்புக்கு வழிவிட்டு டிரைவர் நிறுத்த, போனில் சந்தியாவின் குரல் திடீரென்று மாறியது.

"ம்மா, இங்க ஏதோ பிரச்சன. பொண்ணோட தாய்மாமனுக்குக் கோவம், சாப்பாட்டத் தொடவே இல்ல. எல்லாரும் கெஞ்சிக்கினு இருக்காங்க. ஐயோ, அஜித்து அவுரு இலையில கை வெச்சிட்டான்மா, அவுரு..."

பஸ் திரும்பியது. சிக்னல் போய்விட்டது.

பரிமாறும் தொழிலில் எத்தனையோ தப்பு மன்னிக்கப்படும். உட்கார்ந்திருக்கிறவர் இலையில் பரிமாறுகிறவன் கை வைப்பது மட்டும் மன்னிக்கப்படாது. வெங்கடேசன் புதுப் பையன்களுக்குச் சொல்லித்தரும் முதல் விஷயமே அதுதான். கரண்டி மேல் நிற்கணும், கை இலைக்கு வரக்கூடாது, வந்தால் பனியனைக் கழற்றி வைத்துவிட்டு நடையைக் கட்டு. அதுவும் தாய்மாமன் இலை. தாய்மாமன் கோபத்தில் இருக்கும்போது அவர் பக்கம் மின்விசிறியைக்கூடத் திருப்ப யோசிப்பார்கள்.

கண்ணகி எழுந்து நின்றாள். எங்கே போவது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். கண்டக்டர் உட்காரும்மா என்றார். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். வெள்ளிமலை வரும்வரை இதையே செய்தாள். எழில்மதி ஒரு தடவைகூட அவளைத் தடுக்கவில்லை. ஏனென்றால் எழில்மதி தன் போனைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டி, வானத்தில் சிக்னல் பிடிக்க முயன்றுகொண்டிருந்தாள்.

வெள்ளிமலையில் இறங்கி, எழில்மதியின் வீட்டுக்கு ஒரு மண்பாதையில் நடக்க வேண்டும். அந்த வீட்டில் எல்லாம் உண்டு. முற்றத்தில் சாமை காய்கிறது, கொல்லையில் பலா நிற்கிறது, போனில் மட்டும் ஒரு கோடுகூட ஏறாது. அதற்குத்தான் அவள் கண்ணகியை அங்கே கூட்டிவந்ததே. எழிலின் அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டியபோது கண்ணகி வாங்கிக் கீழே வைத்துவிட்டு, எங்கே போனால் போன் பேசலாம் என்று கேட்டாள்.

அந்தம்மா மகளைக் கையால் காட்டி, இவள் வந்தால் தண்ணி டேங்க் மேட்டில்தான் பாதி நேரம் நிற்பாள், போன வாரம்கூட யாரோ ஜெயப்பிரகாஷ் என்ற பையனிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள் என்று வெள்ளந்தியாகச் சொன்னார்.

கண்ணகி எழில்மதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாம்பார் ஊத்துற ஜெயப்பிரகாஷா?"

எழில்மதி செருப்பை மாட்டிக்கொண்டாள். ஜெயப்பிரகாஷிடம் அவள் பேசிவைத்திருந்தது தொழில் முறைப்படி சரியான விஷயம்தான். கோச் விலகிய பிறகு கூட வேலை செய்கிற ஒருவன் கண் வைத்திருக்க வேண்டும், அதுதான் பாடம். ஆனால் பந்தி முடிந்ததும் உடனே எனக்குப் போன் செய், ஒவ்வொரு வரிசைக்கும் செய் என்று சொன்னது எந்தப் பாடத்திலும் கிடையாது.

"சரிக்குச் சரின்னியே" என்றாள் கண்ணகி.

"சரிக்குச் சரிதான்க்கா. நீங்களும் ஆள் வெச்சீங்க, நானும் ஆள் வெச்சேன்" என்றாள் எழில்மதி. இரண்டு பேரும் டேங்க் மேட்டுக்கு ஓடினார்கள். மேட்டில் ஏற்கெனவே நின்று யாருடனோ கொஞ்சிக்கொண்டிருந்த ஒரு வாலிபன், இரண்டு பெண்கள் மூச்சிரைக்க ஓடிவருவதைப் பார்த்து, தன் விஷயம்தான் தெரிந்துவிட்டது என்று போனை அணைத்துவிட்டு இறங்கிப்போனான்.

ஜெயப்பிரகாஷ் எடுக்கவில்லை. சந்தியா எடுத்தாள். மண்டபத்துக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்று பேசினாள். கண்ணகி ஸ்பீக்கரில் போட்டாள்.

நடந்தது இதுதான்.

பெண்ணின் தாய்மாமன் எலவனாசூர்கோட்டை பச்சமுத்து. நிலபுலன் உண்டு, அதைவிட அதிகமாக மரியாதை பற்றிய அபிப்பிராயம் உண்டு. காலையில் மண்டப வாசலில் இறங்கியவர் ஃப்ளெக்ஸ் பேனரை அண்ணாந்து பார்த்திருக்கிறார். மாப்பிள்ளையின் பெரியப்பா படம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. மாப்பிள்ளையின் நண்பர்கள் கூலிங் கிளாஸோடு வரிசையாக நிற்கிறார்கள். வாழ்த்தும் நெஞ்சங்கள் என்று ஒரு நாய்க்குட்டியின் படம்கூட இருக்கிறது. தாய்மாமனைக் காணோம். நாய்க்குட்டியைக்கூட மன்னித்திருப்பார், ஆனால் அதற்குப் பேரும் போட்டிருந்தார்கள்.

தாலி கட்டும்வரை பொறுத்தார். அக்காள் கையைப் பிடித்து இழுத்துவந்து முதல் பந்தியில் உட்காரவைத்தாள். உட்கார்ந்தார். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. ஒரு பருக்கையைத் தொடவில்லை. ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். கெஞ்சக் கெஞ்ச அவருக்குத் தன் கோபம் எவ்வளவு நியாயமானது என்று புரிந்துகொண்டே போனது. கடைசியில் இலையின் மேல்பாதியை விட்டுவிட்டு, தன் பக்கத்துப் பாதியைத் தூக்கி, எதிர்ப்பக்கமாக மூடினார்.

பந்தியே உறைந்துபோனது. கல்யாணச் சாப்பாட்டில் இலையைத் தன் பக்கமாக மூடுவார்கள். எதிர்ப்பக்கமாக மூடுவது சாவு வீட்டில். தெரியாமல் ஒருவர் செய்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தாய்மாமன் தெரிந்தே செய்தால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த இலையைத் திறந்துவைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. பெண் வீட்டார் திறந்தால் காலில் விழுந்ததாகும். மாப்பிள்ளை வீட்டார் திறந்தால் சண்டைக்கு இழுத்ததாகும்.

அந்த நேரம் பார்த்து வரிசையில் அஜித் வந்தான்.

மூடிய இலைக்குப் போகாதே என்பது பாடம். ஓரடி தாண்டினான். நின்றான். திரும்பி வந்தான். ரசவாளியைக் கீழே வைத்தான். பந்தி நடுவில் அவன் வாளியைக் கீழே வைத்ததே இல்லை. குனிந்து, இரண்டு கையாலும் அந்த இலையைத் திறந்தான்.

"தப்பா மூடிட்டீங்க" என்றான்.

பச்சமுத்து நிமிர்ந்து பார்த்தார். இந்த மண்டபத்தில் அவரிடம் இன்று யாரும் தப்பு என்ற சொல்லை உபயோகித்திருக்கவில்லை.

"எங்கப்பாவுக்கு இப்பிடித்தான் மூடுனாங்க. இது கல்யாணம்" என்றான் அஜித்.

எந்த ஊருடா நீ என்று கேட்டார் பச்சமுத்து. பந்தியில் பரிமாறுகிறவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஊரைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்பதில்லை. பக்கத்து இலைக்காரர்கள் சிலர் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

"கருணாபுரங்க."

"டிவில வந்துச்சே, அந்தக் கருணாபுரமா?"

"ஆமாங்க. எங்கப்பா அதுலதான் செத்தாரு. சோத்துல குழி பண்ணுங்க, ரசம் ஊத்தணும்."

வாளியை எடுத்துக்கொண்டு நின்றான். பதில் வரும்வரை நிற்க வேண்டும். எழில்மதி அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். பின்னால் அப்பளக்காரன் நின்றான், மோர்க்காரன் நின்றான், ஒரு வரிசையே நின்றது. எத்தனை பெரிய மனுஷர்கள் அவரைக் கெஞ்சினார்களோ அத்தனை பேரையும் சமாளித்த பச்சமுத்து, தன்னிடம் எதையுமே கெஞ்சாமல் நிற்கிற இந்தப் பையனை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சோற்றில் குழி பண்ணினார்.

அஜித் ஊற்றினான். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அடுத்த இலைக்கு நகர்ந்து, வேணுமாங்க என்று கேட்டான்.

சந்தியா இதைச் சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். டேங்க் மேட்டில் கண்ணகி அழவில்லை. அஜித்தின் அப்பாவுடைய காரியத்தில் இலை மூடியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த அஜித் தன் பக்கமாக மூடப் போனான். யாரோ அவன் கையைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார்கள். பிடித்தது அவளேதான். அதற்கப்புறம் அதை அவள் மறந்துவிட்டாள். அவன் மறக்கவில்லை.

"வெங்கடேசன் சார் இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள் எழில்மதி.

பந்தி முடிந்ததும் வெங்கடேசன் அஜித்தைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாராம். கதவைச் சாத்திவிட்டாராம். கத்தினாரா என்று கேட்டாள் எழில்மதி. இல்லக்கா, சத்தமே வரல என்றாள் சந்தியா. அத்தோடு அவள் போனில் சார்ஜ் தீர்ந்தது.

கத்தவில்லை என்றதும் கண்ணகி மேட்டைவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தாள். இறங்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் இருவரும் பலாப்பழம் ஏற்றிய ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டார்கள். மடியில் ஒரு பழம், காலடியில் ஒரு பழம். வளைவுக்கு வளைவு எழில்மதி ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இலையில் கை வைத்தது தப்பு, ஆனால் ஏன் வைத்தான் என்று தான் வெங்கடேசனிடம் விளக்குவாள். இந்த வேலை போனாலும் வேறு இடம் பார்க்கலாம். அவன் தனியாக ஒரு பந்தி முடித்திருக்கிறான், அதை யாரும் பிடுங்க முடியாது.

கண்ணகி மடியிலிருந்த பழத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு சொன்னாள்: "நான் பின்னால நின்னிருந்தா, வாடா இந்தப் பக்கம்னு இழுத்துக்கினு போயிருப்பேன்."



மண்டபத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பந்தி மேசைகளில் காகிதம் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வேலைக்காரர்களுக்கான கடைசிப் பந்தி மட்டும் ஓரமாக நடந்துகொண்டிருந்தது. பச்சை ரிப்பன் கட்டிய வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அஜித் இல்லை.

வெங்கடேசன் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பையன் எங்க?"

வெங்கடேசன் நிதானமாகத் துப்பிவிட்டு வந்தார்.

"என் பந்தில இதுவரிக்கும் இலையில கை வெச்சவன் எவனும் மறுநாள் வேலைக்கு வந்ததில்ல. அவன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். இனிமே வெக்காதடான்னேன். யாரும் தப்பா மூடலன்னா வெக்கமாட்டேங்கன்னான். நான் இன்னாத்தப் பேசறது?"

"அப்ப வேல?" என்றாள் எழில்மதி.

"வேல இருக்குது. ஆளுதான் இல்ல. சாய்ங்காலம் எலவனாசூர்கோட்டைல பச்சமுத்து வூட்டு விருந்து. அவரு சொந்த மண்டபம். அந்த ரசக்காரப் பையன் வந்தாதான் வேன்ல ஏறுவேன்னு மனுசன் ஒத்தக்கால்ல நின்னாரு. ஜெயப்பிரகாஷு கூடப் போயிக்கிறான். உன் பொண்ணு வூட்டுக்குப் போயிடுச்சி."

கண்ணகியைக் கேட்காமல் அஜித் ஊர் எல்லையைத் தாண்டிப் போனது இதுவே முதல் தடவை. அவள் கதவைப் பார்த்தாள்.

வெங்கடேசன் முடிக்கவில்லை. பச்சமுத்து தன் மண்டபத்துக்கே அவனை நிரந்தரமாகக் கேட்டிருக்கிறார். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அங்கேயே. ரசத்துக்கு ஆள் கிடைக்காத கொடுமை எலவனாசூர்கோட்டையிலும் இருக்கிறதாம்.

"நீங்க இன்னாண்ணே சொன்னீங்க?"

"என்னைக் கேட்டா நான் உடமாட்டேன். ரசத்துக்கு ஒரு ஆளு கெடச்சிக்கிறான், அவன எவனுக்காவது குடுப்பனா? ஆனா இந்தப் பொண்ணு ஆரம்பத்துலயே சொல்லிச்சி, எதுவா இருந்தாலும் அவனண்டையே கேளுங்கன்னு" என்று எழில்மதியைக் கையால் காட்டினார். "கேட்டேன். சொல்லிட்டான்."

"இன்னா சொன்னான்?"

"அம்மாகிட்ட நானே சொல்றேன், நீங்க சொல்லாதீங்கன்னான். நான் வாக்குக் குடுத்துட்டேன்."

வெளியே ரோட்டில் ஒரு பஸ் மெதுவாக வந்தது. தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை என்று கண்டக்டர் கூவுவது மண்டபத்துக்குள் தெளிவாகக் கேட்டது. கைகாட்டினால் நிற்கும். நாற்பது வயதைத் தாண்டிய கால்கள்தான், ஓடினால் பிடித்துவிடலாம். கண்ணகி இரண்டடி வைத்தாள். எழில்மதி வழியை மறிக்கவில்லை. இவளிடமிருந்தும் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

பஸ் ஹாரன் அடித்தது.

கண்ணகி திரும்பினாள். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, கடைசிப் பந்தியில் காலியாக இருந்த ஒரு இலையின் முன்னால் உட்கார்ந்தாள். இந்தக் காண்ட்ராக்டரிடம் இத்தனை காலம் வேலை பார்த்தும், அண்டாவோரம் நின்றே சாப்பிட்டு முடிக்கிறவள் அவள். இலையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பரிமாற ஆள் இல்லாததால் எழில்மதியே சோறு போட்டாள். கவிழ்த்திருந்த பச்சை ரிப்பன் வாளியை நிமிர்த்தி, மிச்ச ரசத்தை அதில் எடுத்துக்கொண்டு வந்தாள். எதிரே நின்றாள்.

"ரசம் வேணுமாங்க?"

பஸ் சத்தம் தியாகதுருகம் ரோட்டில் தேய்ந்து மறைந்தது. மகன் என்ன சொல்லியிருப்பான் என்று கண்ணகிக்குத் தெரியவில்லை. பசி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

சோற்றில் குழி பண்ணினாள்.

"ஊத்து" என்றாள்.